பதிலிக்கு ஏது பெயர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்த காலத்துக்குள் என் மூத்த மகளுக்குக் கல்யாணமாகி, பேரன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டான். எழுத உட்காருவேன். சம்பந்தப்பட்டவர்களில் சிலர் மௌத்தாகிவிட்டார்களே, போனவர்களைப் பற்றிப் பேசலாமா என்று எழுந்துவிடுவேன். இருப்பவர்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்கள் மனசு நோகுமே என்று இன்னொரு நாள் எழுந்துவிடுவேன். படிப்பும் கம்மி. பத்தாவதில் கணக்கில் ஃபெயில் ஆனவன். தர்மபுரி டவுனில் தையல் கடை வைத்துக் குடும்பம் நடத்துகிறவன். புறம் பேசுவது எவ்வளவு பெரிய பாவம் என்று பள்ளிவாசல் பயானில் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன். அதனால் இதில் யார் பெயரையும் எழுதப் போவதில்லை. என் பெயரையும்தான்.

ஆனால் போன வருடம் ஒரு பாஸ்கெட்பால் பந்தயத் தொடக்க விழாவுக்குப் போயிருந்தேன். மைக் பிடித்த ஒருவர், எண்பதுகளில் நம் மாவட்டத்து மண்ணில் எப்பேர்ப்பட்ட பாயின்ட் கார்டு இருந்தார் தெரியுமா என்று ஒரு பெயரைச் சொல்லி வர்ணிக்க ஆரம்பித்தார். இடது கையால் பந்தைத் தட்டிக்கொண்டே வலது பக்கம் பார்ப்பாராம். பார்க்காத பக்கம் பாஸ் போகுமாம். எல்லாரும் கை தட்டினார்கள். நான் கடைசி வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவர் சொன்ன கை என் கை. சொன்ன பெயர் மட்டும் என்னுடையது இல்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "எழுதிப் போடுங்க. நீங்க எழுதாம எழுதாமத்தான் அவனவன் இஷ்டத்துக்குப் பேசறான்" என்றாள். சரி என்று உட்கார்ந்துவிட்டேன்.

பாயின்ட் கார்டு என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பாஸ்கெட்பாலில் ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். கூடையில் பந்தைப் போடுகிறவன் உயரமானவன். கூட்டம் அவனைத்தான் பார்க்கும். பந்தைத் தட்டிக்கொண்டு வந்து, குறுக்கே நிற்பவனை ஏமாற்றி, நம் ஆள் எங்கே ஓடுகிறான் என்று கண்டு, அவன் கைக்கு வேளை பார்த்துக் கொடுக்கிறவன் கார்டு. கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவன் மாதிரி. எல்லார் தட்டும் நிறையும்படி பார்த்துக்கொள்வான், அவன் கடைசியில்தான் உட்காருவான்.

நான் குள்ளம். அரசுப் பள்ளி மைதானத்தில் தார் போட்ட கோர்ட் ஒன்று இருந்தது. கோடையில் தார் இளகி வெறுங்காலில் ஒட்டும். உயரமான பையன்கள் என்னிடம் பந்தைத் தர மாட்டார்கள். ஆகவே நானே போய்ப் பறிப்பேன். பறித்தால் கூடைக்கு எட்டாது. ஆகவே அவர்களிடமே திருப்பிக் கொடுப்பேன். அப்படி ஆனவன்தான் நான். யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை.

அன்றைக்கெல்லாம் விளையாட்டையே தொழிலாக வைத்துக்கொள்வது என்றால் ஒரே வழிதான். ரயில்வே, போலீஸ், பேங்கு, மில் என்று ஏதாவது ஒரு டீமில் சேர வேண்டும். ஆட்டத்துக்காக வேலை கொடுப்பார்கள், வேலைக்காக ஆட வேண்டும். மற்றதெல்லாம் பத்தாவது பாஸ் கேட்டது. எனக்கு வாய்த்தது மில் மட்டும்.

ஊர் கிளப்புக்காக நான் ஆடிய ஒரு பந்தயத்தில் சேலம் பக்கத்து நூல் மில் ஒன்றின் லேபர் ஆபீசர் என்னைப் பார்த்தார். கோயம்புத்தூர்க்காரர். வெள்ளைச் சட்டை, தேன் தடவின பேச்சு.

"ஏனுங்க தம்பி, எந்த ஊரு?"

"இதே ஊர்தாங்க சார். அத்தா டைலர் கடை வெச்சிருக்காரு."

"மில்லுக்கு வந்துர்றீங்களா? இப்பத்திக்குப் பதிலி. ஒரு சீசன் நல்லா ஆடிக் காட்டுங்க. அடுத்த வருசம் பர்மனெண்ட். நான் சொல்றனுங்கல்ல?"

அத்தாவிடம் போய்ச் சொன்னேன். அவர் காலர் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தரிக்கோலை நிறுத்தவில்லை.

"பந்து தட்டுனா சோறு போடுவானாடா?"

"போடுவாங்கத்தா. மில்லு வேலை."

"அல்லா பேரச் சொல்லிப் போ. தொழுகைய மட்டும் வுட்டுடாத."

அம்மாவுக்கு வேறு கணக்கு இருந்தது. பாலக்கோட்டில் எனக்குப் பெண் பேசி வைத்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு வேலை நிரந்தரமானதும் நிக்காஹ் என்பது பெண் வீட்டார் பேச்சு. ஆக, அந்த 'பர்மனெண்ட்' என்ற ஒரு சொல்லில்தான் என் வயிறு, என் கல்யாணம், என் ஆட்டம் எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தது.

பதிலி என்பது மில் வழக்கம். காலையில் கேட் முன்னால் போய் நிற்க வேண்டும். நிரந்தரத் தொழிலாளி எவனாவது வராவிட்டால் அவன் மெஷினில் நம்மை நிறுத்துவார்கள். எல்லாரும் வந்துவிட்டால் திரும்பி நடக்க வேண்டியதுதான். அடுத்தவனுக்குக் காய்ச்சல் வந்தால்தான் நமக்குச் சோறு. அடுத்தவனுக்குக் காய்ச்சல் வரட்டும் என்று ஒரு நாளும் நான் துஆ கேட்டதில்லை, ஆண்டவன் அறிவான். ஆனால் நூல் சுற்றுகிற வைண்டிங் செக்‌ஷனில் ஒருவர் மூட்டு பிசகி நொண்டிக்கொண்டு வந்தபோது, டீமில் எனக்கு இடம் கிடைத்தது. கடத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்து ஆள், என்னைவிட மூத்தவர். வைண்டிங் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர்தான் அதுவரை மில் டீமின் கார்டு.

இங்கேதான் அந்த அநியாயம் ஆரம்பிக்கிறது. மில்களுக்கும் அரசுத் துறைகளுக்கும் நடக்கிற பந்தயங்களில் நிரந்தரத் தொழிலாளி மட்டும்தான் ஆடலாம் என்பது விதி. நான் பதிலி. ஆபீசர் என்னைக் கூப்பிட்டு, வைண்டிங் அண்ணனின் பனியனை என் தோளில் போட்டார்.

"அவரு பேர்லயே ஆடிருங்க தம்பி."

"சார், அது பொய்யில்லீங்களா?"

"அவரு வரலீன்னா அவரு மெஷின்ல நிக்கறீங்கல்ல? அப்பப் பொய்யா? மெஷினுக்குப் பதிலி, கிரவுண்டுக்குப் பதிலி. ரெண்டும் ஒண்ணுதானுங்க."

மில்லில் எல்லாரும் அதைச் சரி என்றே நினைத்தார்கள். பதிலி பழக்கம் அப்படி ஊறிப்போயிருந்தது. ஒரே ஒரு சீசன்தானே என்று நானும் போட்டுக்கொண்டேன். நூலை நிறுத்தாமல் ஓட விடுவதற்கு ஆள் மாற்றுவது வேறு, ஒரு மனிதனின் பெயரை மாற்றுவது வேறு என்று எடுத்துச் சொல்ல அங்கே ஓர் ஆள் இல்லை.

அந்த சீசனில் நான் ஆடிய ஆட்டத்தைப் பற்றி நானே சொல்லக்கூடாது. சேலம், ஈரோடு, கரூர் என்று போன இடமெல்லாம் ஜெயித்தோம். மைக்கில் என் காலுக்கும் கைக்கும் அவர் பெயரைச் சொன்னார்கள். டீமில் எல்லாரும் என்னை பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆட்டத்துக்கு நடுவே ஒருவன் "பாய், இந்தப் பக்கம்!" என்று கத்திவிட்டான். ஆபீசருக்கு முகம் சுண்டிப்போயிற்று. அன்றிலிருந்து கோர்ட்டுக்குள் அந்த வார்த்தைக்குத் தடை. கோர்ட்டில் இறங்கும் முன்னால் பிஸ்மில்லா சொல்லி, கையேந்தி, முகத்தில் தடவிக்கொள்வேன். அதற்கும் வந்தார்.

"அதெல்லாம் ரூம்லயே முடிச்சுட்டு வந்துருங்க தம்பி. பேரு ஒண்ணு, கும்புடறது ஒண்ணுன்னா எவனாச்சும் கேப்பானுங்க."

ஒரு நாள் அதோடும் நிற்கவில்லை. டீம் பையன்கள் கோயிலுக்குப் போய் விபூதி கொண்டு வந்திருந்தார்கள். "இவருக்கும் ஒரு கீத்து இழுத்து வுடுங்க, பொருத்தமா இருக்கும்" என்றார் ஆபீசர். அன்றைக்கு வைண்டிங் அண்ணன் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு யாருக்கும் தெரியாமல் ஆட்டம் பார்க்க வந்திருந்தார். அவர்தான் குறுக்கே கையை நீட்டினார்.

"வேணாங்க சார். எம் பேர எடுத்துக்கிட்டீங்க, பரவால்ல. சாமி வெளையாட்டு வேணாம். அது அவனுக்கும் பாவம், எங்க சாமிக்கும் பாவம்."

ஆபீசர் சிரித்து மழுப்பிவிட்டார். அண்ணன் என் பக்கம் திரும்பி, "நான் எப்படி ஆடறன்னு நானே ஒருதரமாச்சும் பாக்க வேணாமா பாய்? அதான் வந்தேன்" என்றார். மறுநாள் காலை கேட் முன்னால் பேப்பரை விரித்துக் காட்டினார். "பாத்தியா, நேத்து நான் பிரமாதமா ஆடனன்னு போட்டிருக்கான். எங்கூட்டுக்காரிக்கே சந்தேகம் வந்துடுச்சி. மூட்டு வலின்னு தைலம் தேய்க்கச் சொல்லிட்டு எங்கய்யா போயி இந்த ஆட்டம் ஆடிட்டு வர்றன்னு கேக்கறா." நானும் சிரித்தேன். அன்றைக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

சீசன் முடிந்தது. நான் ஆபீசர் ரூம் வாசலில் போய் நின்றேன்.

நடந்தது என்னவென்றால், மில்லின் முதலாளி கோயம்புத்தூரில் உட்கார்ந்து பேப்பர் படித்திருக்கிறார். நம் மில் பெயரை இப்படித் தூக்கி நிறுத்திய பையனுக்கு ஏதாவது செய்யுங்கள் என்று உத்தரவு போட்டுவிட்டார். ஊரை ஏமாற்றச் சொன்ன பொய்யைச் சொந்த முதலாளியே நம்பிவிட்டார்! அவரிடம் போய் அது வேறு ஆள் என்று சொல்ல ஆபீசருக்குத் தைரியம் இல்லை. வைண்டிங் அண்ணனை மெஷினிலிருந்து எடுத்து ஆபீசில் மேஜை நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். ஜில்லா விளையாட்டுச் சங்கத்தில் சிறந்த ஆட்டக்காரர் என்று கோப்பை கொடுத்தார்கள். அதையும் அவர்தான் மேடை ஏறி வாங்கினார். மூட்டு வலி. படியில் ஏறக் கைத்தாங்கல் வேண்டியிருந்தது. மின்னல் மாதிரி ஓடுகிறவரைக் கைத்தாங்கலாக ஏற்றுகிறார்களே என்று அங்கே ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

"சார், என்னுது என்னாச்சுங்க?" என்றேன்.

"அதுலதானுங்க ஒரு சிக்கலு. உங்கள இப்பப் பர்மனெண்ட் பண்ணா உங்க பேர்ல ஆடோணும். போன வருசம் ஆடுனது யாருன்னு கேப்பானுங்கல்ல? இன்னொரு சீசன் அதே பேர்ல ஓட்டுங்க. மெதுவாப் பாத்துக்கலாம்."

யோசித்துப் பாருங்கள். நான் சுமாராக ஆடியிருந்தால் என்னை நிரந்தரமாக்கியிருப்பார்கள். நன்றாக ஆடியதால் ஆக்க முடியவில்லை! இன்னும் நன்றாக ஆடினால் இன்னும் முடியாது. இதை எந்தச் சபையில் வைத்தாலும் நியாயம் என்று ஒருவர் சொல்வாரா?

வைண்டிங் அண்ணன் ஒரு நாள் டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார். "கோவமா பாய்?" என்றார்.

"நீங்க வேணாம்னு சொல்லியிருக்கலாமில்ல அண்ணே?"

"நான் வேணாம்னா உனக்கா குடுப்பாங்க? எவனுக்கும் இல்லாமப் போவும். எனக்கு ரெண்டு பொட்டப் புள்ளைங்க. நின்னுக்கிட்டே வேல செய்ய இந்த முட்டி ஆவாது." டீயைக் குடிக்காமல் ஆற்றிக்கொண்டே இருந்தார்.

அடுத்த சீசனும் அதே பெயரில் ஆடினேன். பாலக்கோட்டிலிருந்து ஆள் மேல் ஆள் வந்து அம்மாவைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வருஷம் நோன்பு கொளுத்தும் கோடையில் வந்தது. அதே மாதத்தில் மில் பந்தயமும் வந்தது. இறுதி ஆட்டம், நான் தார் ஒட்டின காலோடு வளர்ந்த அதே தர்மபுரி பள்ளி மைதானத்தில்.

"சார், எங்கூருங்க. எல்லாருக்கும் என்னத் தெரியும்" என்று ஆபீசரிடம் சொன்னேன்.

"அதுனாலதானுங்க பயமில்ல. உங்க ஊர்க்காரன் உங்களக் காட்டிக் குடுப்பானா? இத மட்டும் ஜெயிச்சுக் குடுங்க, நானே முதலாளிகிட்டப் போறேன்."

விடியும் முன்னால் சஹரில் சாப்பிட்டதுதான். பிற்பகல் மூன்றரை மணிக்கு ஆட்டம். எதிர் டீம் ஓர் அரசுத் துறை. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போய்விடக்கூடாது என்பதால் வாய்கூடக் கொப்பளிக்காமல் இறங்கினேன். நோன்பு திறக்கும்வரை பொழுது போக வேண்டுமே என்று பள்ளிவாசல் தெரு ஆட்கள் மொத்தமும் வந்து வேப்பமர நிழலில் நின்றார்கள். கடையைச் சாத்திவிட்டு அத்தாவும் வந்திருந்தார். என் ஆட்டத்தை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

அல்ஹம்துலில்லாஹ், அன்றைக்கு நான் தொட்டதெல்லாம் துலங்கியது. பந்து போய் எங்கள் ஆட்கள் கையில் உட்கார்ந்தது. மைக்கில் அந்தப் பெயர் முழங்க முழங்க, வேப்பமரத்தடியில் ஒரே குழப்பம். "யார்றா அது? நம்ம டைலரு மவன்டா அவன்!" பொடியன்கள் கத்த ஆரம்பித்துவிட்டார்கள். "டைலர் பாய்! டைலர் பாய்!" மைக் ஒரு பெயர் சொல்கிறது, கூட்டம் வேறு பெயர் சொல்கிறது. எதிர் டீம் மேனேஜருக்குக் காது இருக்கிறதே. பாதி ஆட்டம் முடிந்து விசில் ஊதியதும் நேராக நடுவரிடம் போய்விட்டார்.

நடுவர் என்னைக் கூப்பிட்டார். புள்ளி எழுதுகிறவர்கள் மேஜை முன்னால் நின்றேன். ஆபீசர் எனக்கு முன்னால் அங்கே ஓடி வந்திருந்தார்.

"உம் பேர் என்னப்பா?" என்றார் நடுவர்.

"சொல்லுங்க தம்பி. உங்க பேரச் சொல்லுங்க. என்ன கூச்சம்?" ஆபீசர் சிரித்த முகமாகச் சொன்னார். சிரிப்புக்கு மேலே கண் மட்டும் கெஞ்சியது.

ஒரு பக்கம் வேலை. அந்த ஒரு பொய்யைச் சொன்னால் கிடைத்தாலும் கிடைக்கும். இன்னொரு பக்கம் நோன்பு வாய். அந்த வாயால், பெற்றவர் கேட்டுக்கொண்டிருக்க, நான் பிறந்ததும் காதில் பாங்கு சொல்லி அவர் வைத்த பெயரை இல்லை என்று சொல்ல வேண்டும். இத்தனை நாள் மற்றவர்கள்தான் சொன்னார்கள். நானாக வாய் திறந்து அதுவரை சொன்னதில்லை.

என் பெயரைச் சொன்னேன். அத்தா பெயரையும் சேர்த்துச் சொன்னேன்.

"அப்ப இது யார் பேரு?"

"அது மில்லுல வேலை பாக்கற அண்ணன் பேருங்க. அவருக்கு முட்டி சரியில்ல. நான் பதிலிங்க."

நடுவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். "பதிலியா? மில்லுக்குப் பதிலி கேள்விப்பட்டிருக்கேன். பாஸ்கெட்பாலுக்கு ஏதுய்யா பதிலி?"

மைதானமே சிரித்தது. ஊர்க்காரன் சிரித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் டீமை வெளியேற்றி எதிர் டீம் ஜெயித்ததாக அறிவித்தார்கள். ஆபீசர் பனியனை அங்கேயே கழற்றச் சொன்னார்.

"உப்புப் போட்டுத்தானப்பா சோறு திங்கற நீ?"

"நோன்புங்க சார். காலையில இருந்து எதுவும் திங்கல" என்றேன். என் வாழ்நாளில் பெரிய மனுஷர் ஒருவரை எதிர்த்துப் பேசியது அது ஒன்றுதான். வெற்று மேலோடு கோர்ட்டைத் தாண்டி நடந்தேன். கூட ஆடியவர்கள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஜெயித்திருந்தால் அவர்களுக்கெல்லாம் சம்பள உயர்வு வரும் என்று சொல்லி வைத்திருந்தார்களாம்.

அத்தா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பள்ளிவாசலில் நோன்பு திறந்து, கஞ்சி குடித்து, மக்ரிப் தொழுதுவிட்டு வெளியே வரும்போது சொன்னார்: "நாளையிலிருந்து கடைக்கு வந்துடு. பெருநாள் துணியெல்லாம் வெட்டாமக் கெடக்கு."

விசாரணை என்று ஒன்று நடத்தினார்கள். மில்லுக்கு எச்சரிக்கை. ஆபீசர் அதே ரூமில், அதே நாற்காலியில். எனக்கு மட்டும், ஆள்மாறாட்டம் செய்தவன் என்று எந்தப் பந்தயத்திலும் ஆடக்கூடாது என்ற தடை. என் சொந்தப் பெயர் விளையாட்டுச் சங்கத்தின் தாளில் முதல் தடவையாக ஏறியது அந்தத் தடை உத்தரவில்தான். நான் ஓடி ஜெயித்ததெல்லாம் அவர் பெயரில். குற்றம் மட்டும் என் பெயரில். முதல் சீசன் கோப்பையை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டால் பொய் முழுவதும் வெளியே வருமே. தடை நீங்கியபோது எனக்குக் கல்யாணம் ஆகி, முதல் மகள் நடக்கத் தொடங்கியிருந்தாள். பாலக்கோட்டு மாமனார் வந்து கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தையல் மெஷின் சொந்தம்தானுங்களே? அப்ப இதுதான் பர்மனெண்ட்" என்று பெண்ணைக் கொடுத்துவிட்டார். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ரஹ்மத்தான வாழ்க்கை. ஆனால் ஓட முடிகிற காலில், பார்க்க முடிகிற கண்ணில் இருந்த என் ஆட்டத்தை எடுத்துக்கொண்டு போனார்களே, அதை யார் திருப்பித் தருவது? அதற்கு மறுமையில், மஹ்ஷரில்தான் கணக்கு.

இதைவிட என்னைச் சுடுவது இன்னொன்று. இந்தச் சங்கதி இப்போது ஊரில் வேறு வேறு விதமாக நடமாடுகிறது. எங்கள் தெருவில் சிலர், துலுக்கன் பெயரை வேண்டுமென்றே மறைத்தார்கள் என்று சொல்லிச் சூடேற்றுகிறார்கள். கடைவீதியில் சிலர், பாய் காசு வாங்கிக்கொண்டு எதிர் டீமுக்காக டீமைக் காட்டிக்கொடுத்தான் என்கிறார்கள். இரண்டும் பொய். என் பெயர் எதுவாக இருந்திருந்தாலும் மாற்றியிருப்பார்கள். ஏனென்றால் நான் பதிலி. கேட் முன்னால் என்னோடு நின்ற எல்லா ஜாதிக்காரனுக்கும் அங்கே அதே கதிதான்.

படிக்கிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நாலு பேரிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் இருக்கிறபடியே சொல்லுங்கள். வைண்டிங் அண்ணனைத் திருடன் ஆக்கிவிடாதீர்கள். என்னையும் தியாகி ஆக்கிவிடாதீர்கள். வாயில் வந்த உண்மையைச் சொன்னேன், அவ்வளவுதான். ஒரு வார்த்தை கூட்டினாலும் குறைத்தாலும், சொன்னவன் நான் இல்லை, வேறு யாரோ என்று ஆகிவிடும்.